நத்தார்ப் பொதி தை மாதத்தோடு முடிந்துவிடலாமா?

மார்கழி மழை ஒரு பக்கம், கீதப் பவனி மறு பக்கம் என்று பனிச்சங்கேணியில் ஆண்டின் கடைசி மாதம் கழிகிறது. உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு ஜெனரேற்றர், நாலைந்து வர்ண மின்குமிழ்கள், ஒரு மேளம், பஞ்சுத் தாடியோடு ஒரு நத்தார்த் தாத்தா, பின்னால் குடை பிடித்தபடி நடந்து வரும் பிள்ளைகள். பாலத்தடியில் தொடங்கி வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய் உண்டியலை நீட்டுவது நம் வழக்கம். சைவ வீடுகளிலும் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். காசில்லாத வீட்டில் ஒரு கொத்து நெல் கிடைக்கும், அல்லது ஒரு சுண்டு கச்சான் கிடைக்கும். வெறுங்கையோடு அனுப்பிய வீடு என்று ஒன்றை நாம் கண்டதில்லை.

இந்தப் பணத்தில் ஒரு பகுதி வைத்தியசாலை நோயாளருக்குப் போகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். நத்தாருக்கு முந்திய வாரம் பிஸ்கற், சோடா, சவர்க்காரம், பால்மா, ஒரு துவாய் என்று பொதி கட்டி எடுத்துப் போவோம். கட்டில் கட்டிலாக நின்று ஒரு கீதம், ஒரு செபம், ஒரு பொதி, ஒரு புகைப்படம். இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. வீட்டை விட்டு வாரக்கணக்காகக் கிடக்கும் ஒருவரை நாலு பேர் வந்து முகம் பார்ப்பதே பெரிய காரியம். ஆயினும் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கட்டிலடியில் நாம் கேட்ட வார்த்தைகள் இன்றும் நம்மை விடவில்லை.

மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்ட ஓர் இளைஞன் அந்தக் கட்டிலில் கிடந்தான். கண் திறந்திருந்தது, பார்வை எங்கும் நிற்கவில்லை. பக்கத்தில் அவனுடைய தாய். பாடி முடித்துப் பொதியை நீட்டினோம். அவர் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பிஸ்கட் எல்லாம் நல்லம்தான் மனே. ஆனா இவன் தின்னமாட்டான். மூக்கால குழாய் போட்டுத்தான் சாப்பாடு போகுது.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஒங்கள்ல ஒராள் ரெண்டு மணித்தியாலம் இவனுக்குப் பக்கத்துல இரிங்களன். நான் போய்க் குளிச்சிற்று வாறன்” என்றார். நமக்கு இன்னும் இரண்டு விடுதிகள் பாட இருந்தன. வாகனக்காரர் வாசலில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். “பிறகு பார்ப்பம் அம்மா” என்று சொல்லிவிட்டு நாம் வந்துவிட்டோம்.

அந்தப் “பிறகு” வரவேயில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே.

கையோ காலோ முறிந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. மாப்போட்டுக் கட்டுவார்கள், ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்துக் கழற்றுவார்கள், ஆள் நொண்டி நொண்டியாவது வட்டைக்குப் போவார். மூளையில் பட்ட காயம் அப்படியன்று. உயிர் தப்பியதும் வைத்தியசாலையின் அவசர வேலை முடிந்துவிடுகிறது, குடும்பத்தின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஒருவருக்கு ஒரு பக்கக் கையும் காலும் வராது. ஒருவருக்குச் சொல் வராது. சொல் வந்தாலும் கேட்டது தங்காது. இன்னொருவர் நடப்பார், பேசுவார், பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் காலையில் சாப்பிட்டதை மறப்பார், காரணமில்லாமல் சீறுவார், பெண்சாதியை அடிக்கக் கையோங்குவார், அல்லது எந்த வேலையையும் தானாகத் தொடங்க மாட்டாமல் நாள் முழுவதும் திண்ணையில் குந்தியிருப்பார். “ஆள் மாறிப்போனான்” என்று ஊர் சொல்லும். பேய் பிடித்ததென்று நூல் கட்டக் கூட்டிப் போவார்கள். அது பேயுமன்று, குடும்பத்தின் பாவமுமன்று. கோபத்தை அடக்குவதற்கும் ஒரு காரியத்தைத் திட்டமிட்டுத் தொடங்குவதற்கும் மூளையின் முன்பகுதி வேண்டும். நெற்றிப் பக்கம் பலமாக அடிபட்டால் அந்த வேலை குழம்பிவிடும்.

நம் பகுதியில் இப்படியானவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2006 நவம்பர் 8ஆந் திகதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில், இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தவர்கள் மீது எறிகணை விழுந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். இறந்தவர்களுக்கு விளக்கேற்றுகிறோம். சிதறலைத் தலைக்குள் சுமந்துகொண்டு வாழ்பவர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோதும் அப்படித்தான். அந்த வாரம் நாடே திரண்டு அழுதது. காயப்பட்டவர்களின் இரண்டாம் வருடத்துக்கும் ஐந்தாம் வருடத்துக்கும் யாரும் திரளவில்லை. இவற்றோடு யுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் சேர்கின்றன. தென்னையிலிருந்து விழுந்தவர், உழவு இயந்திரம் புரண்டு அடிபட்டவர், களப்பில் மூழ்கி மூச்சு நின்று பிறகு உயிர் திரும்பியவர், திருகோணமலை வீதி காப்பெற்றாகியதிலிருந்து இரவில் பறக்கும் மோட்டார் சைக்கிள்களில் போனவர் என்று பட்டியல் நீளும். முன்னர் குன்றும் குழியுமாக இருந்தபோது அந்த வீதி நம்மை வைத்தியசாலைக்குப் போகவிடாமல் தடுத்தது. இப்போது நேராக அங்கேயே கொண்டு போய்ச் சேர்க்கிறது.

“அரசாங்க வைத்தியசாலை இலவசம்தானே, பிறகென்ன பணம்?” என்று கேட்பவர்கள் உண்டு. கட்டிலும் சத்திரசிகிச்சையும் இலவசம்தான். இந்த நாட்டின் நல்ல காரியங்களில் அது ஒன்று. ஆனால் பனிச்சங்கேணியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு ஐம்பது கிலோமீற்றர் அளவு தூரம். மாங்கேணி, காயாங்கேணி, வாழைச்சேனை, செங்கலடி, ஏறாவூர் என்று பஸ்ஸில் போக அரை நாள், வர அரை நாள். கழுத்து நிற்காத ஒருவரைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வான் பிடிக்க வேண்டும். புனர்வாழ்வுக்கென்று ராகமை வைத்தியசாலைக்கு அனுப்பினால் முந்நூறு கிலோமீற்றர் அளவு. கூடப் போகிறவர் அங்கே எங்கே படுப்பார், என்ன மொழியில் பேசுவார், என்ன சாப்பிடுவார்?

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுள்ள செலவு இன்னும் மௌனமானது. பெரியவர்களுக்கான பம்பர்ஸ், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, மாற்ற வேண்டிய குழாய்கள், வலிப்பு மாத்திரை. 2022ஆம் ஆண்டு நாடு வங்குரோத்தானபோது வைத்தியசாலைகளிலும் மருந்து இல்லாமற் போனதை மறந்திருக்க மாட்டோம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் மோசமாக வரலாம். அந்த வருடம் வெளியில் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். மற்றவர்கள் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துக் கொடுத்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் வராது. படுத்திருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். குழாயால் உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, கொடுத்து முடிந்த பிறகும் அரை மணித்தியாலமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மேலே வந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடும். மடங்கிய கையையும் காலையும் தினமும் நீட்டி மடக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் தாய் அல்லது மனைவி. அவர் வயலுக்குப் போகமாட்டார், கச்சான் பிடுங்கக் கூலிக்குப் போகமாட்டார். அடிபட்டவர் உழைத்த கூலியும் இல்லை, பார்க்கிறவர் உழைத்த கூலியும் இல்லை. தையில் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்க, வெட்ட ஆளில்லாமல் மழையில் நெல் முளைத்துப்போன ஒரு வீட்டை நாமே பார்த்தோம். அந்த வீட்டுக்கு மார்கழியில் நாம் கொடுத்த பொதியில் ஒரு கேக்கும் இருந்தது.

கொடுப்பவனுக்கு வசதியான நாளில், கொடுப்பவனுக்குப் பிடித்த பொருளைக் கொடுப்பது என்றால் என்னவென்று நம்மைவிட அறிந்தவர் யார்? 2004 மார்கழி 26 கடல் வந்து போன பிறகு இந்தக் கரையோரமெங்கும் வந்திறங்கிய உடுப்பு மூட்டைகளை நினைத்துப் பார்ப்போம். வெயிலுக்குப் பெயர்போன நாட்டில் கம்பளிச் சட்டைகள்! 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்தைவிட்டுக் காட்டாலும் களப்பாலும் நடந்து வந்து தறப்பாள் கூடாரங்களில் கிடந்தபோதும், பெருநாள் தினங்களில் வாகனங்கள் வரிசையாக வந்தன. வெயிலில் நிறுத்தினார்கள், பெயர் வாசித்தார்கள், பொருளைக் கையில் தந்து கமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த வாகனங்களில் ஒன்றுகூட இல்லை. அன்று நாம் முணுமுணுத்த அதே காரியத்தை இன்று நாம் வைத்தியசாலைக் கட்டிலடியில் செய்யலாமா? அதுவும், “என்னைப் படம் எடுக்காதே” என்று சொல்ல வாயில்லாத ஒருவரிடம்?

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளையின் பிறந்தநாள் என்று இங்கே ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காசு அனுப்புகிறார்கள். நல்ல மனம்தான். ஆனால் அந்தப் பணத்தோடு, “படம் அனுப்புங்கோ” என்ற கட்டளையும் வருகிறது. ஒரு நேரச் சோற்றைப் படம் பிடிக்கலாம். ஒரு வருடத்துக்கு வலிப்பு மாத்திரை தவறாமல் கிடைத்ததை எப்படிப் படம் பிடிப்பது?

பெருநாளில் நிதி சேர்ப்பதே தவறென்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பெருநாளில்தான் கை இளகும். டென்மார்க்கில் ஐனார் ஹொல்பெல் என்ற தபால் கந்தோர் ஊழியர், நத்தார்க் கடிதங்கள் மலையாகக் குவிவதைப் பார்த்து, ஒவ்வொரு கடிதத்திலும் தபால் முத்திரையோடு இன்னொரு சிறிய முத்திரையையும் ஒட்டச் செய்தால் காசநோய்ப் பிள்ளைகளுக்கு வைத்தியசாலை கட்டலாமே என்று எண்ணினார். 1904இல் முதல் நத்தார் முத்திரை வெளிவந்தது. முதலாண்டிலேயே 40 இலட்சத்துக்கும் மேல் விற்றது. பணக்காரர் சிலர் தந்த பெரிய தொகையன்று அது, கடிதம் எழுதிய ஏழை எளியவரின் சில்லறை. அந்தச் சில்லறை நத்தாரன்றே தின்று தீர்க்கப்படாமல் கட்டடமாகவும் கட்டிலாகவும் மாறியது என்பதையே நாம் கவனிக்க வேண்டும்.

லண்டனில் புட்னி என்ற இடத்தில், மூளை பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அன்ட்ரூ றீட் என்ற குருவானவர் 1854இல் அதைத் தொடக்கினார். மற்ற வைத்தியசாலைகள், “இனிச் செய்ய ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிட்டவர்களுக்காகத் தொடங்கியதால் அக்காலத்தில் அதற்குக் குணமாக்க முடியாதவர்களின் வைத்தியசாலை என்றே பெயர். நத்தார்க் கதை எழுதி உலகப் புகழ் பெற்ற சார்ள்ஸ் டிக்கன்ஸும் அதற்கு நிதி சேர்க்க உதவியிருக்கிறார். 170 வருடங்கள் கடந்தும் அது தரும நிறுவனமாகவே நடக்கிறது. செல்வந்த நாடாயிற்றே, நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்கலாம். நாம் பார்ப்பது அதன் கட்டடத்தையன்று. குணமாக்க முடியாது என்பதும் கவனிக்க வேண்டியதில்லை என்பதும் ஒன்றல்ல என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

நமக்குக் கிட்டிய உதாரணம் வேலூரில் உண்டு. வைத்தியர் மேரி வர்கீஸ் 1954இல் வாகன விபத்தொன்றில் முள்ளந்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமற்றுப்போனார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். அமெரிக்கா சென்று புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் புனர்வாழ்வு நிலையம் 1966இல் பாகாயத்தில் திறக்கப்பட்டதற்கு அவரே காரணம். முள்ளந்தண்டும் மூளையும் அடிபட்டவர்கள் அங்கே தங்கிப் பயிற்சி பெறுகிறார்கள். கூடவே வீட்டார் ஒருவரும் தங்கி, தூக்குவது, புரட்டுவது, ஊட்டுவது எல்லாவற்றையும் கையால் பழகுகிறார். முன்பு தங்கிப் போனவர்கள் வருடத்துக்கொருமுறை திரும்பி வந்து கூடும் ஒரு மேளாவும் நடக்கிறது. விளையாட்டும் பாட்டும் இருக்கும். அதற்குள்ளேயே யாருக்குப் புண் வந்திருக்கிறது, யாருடைய நாற்காலி உடைந்திருக்கிறது என்ற பரிசோதனையும் நடந்துவிடும். கொண்டாட்டத்தையும் கவனிப்பையும் ஒரே பந்தலுக்குள் வைப்பது எப்படி என்பதை இதிலிருந்து நாம் படிக்கலாம்.

நம் ஊரில் இதற்கு வேரில்லையென்று சொல்ல முடியாது. சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வேறாகப் போட்டு வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் தாய்மாரோடு கூடப் பிறந்தது. அம்மன் சடங்குக்கு மடிப்பிச்சை எடுக்கிறோம். அறுப்புப் பெருநாளுக்கு முதல் நெல்லையும் பூசணியையும் வாழைக்குலையையும் கொண்டு வந்து ஏலம் விடுகிறோம். ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாவுக்கு ஏற்றி விடுவதில் நம் ஆட்களுக்குள்ள வீறாப்பு வேறு எதிலும் கிடையாது! மரண உதவிச் சங்கமில்லாத கிராமம் ஏதும் உண்டா? செத்தவருக்குப் பந்தலும் கதிரையும் போட மாதம் மாதம் சந்தா கட்டுகிறோம். சாகாமல் கிடப்பவருக்குக் கட்ட மட்டும் நமக்கு ஒரு சங்கம் தோன்றாமற் போனது ஏன்?

ஆகவே நம் எண்ணம் இது. நத்தார்க் கீதப் பவனியில் சேரும் பணத்தில் வைத்தியசாலைக்கென்று ஒதுக்குவதைப் பொதியாக மாற்றாமல் ஒரு கணக்கில் போட்டு வைப்போம். தைப்பொங்கலுக்கும் அறுப்புப் பெருநாளுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் அதே உண்டியல் மறுபடி சுற்றட்டும். கோவில் நிர்வாகத்தாரும் மாதர் சங்கமும் நம்மோடு உட்காரட்டும். தலையில் அடிபட்டவனுக்குச் சமயம் நினைவில் இருக்குமோ தெரியாது, நாம் ஏன் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு வீடுகள் மாதம் ஐம்பது ரூபா வீதம் போட்டால் வருடத்துக்கு அறுபதினாயிரம் ரூபா. ஐம்பது ரூபாவுக்கு இன்று கடையில் என்ன வாங்கலாமென்று உங்களுக்கே தெரியும். அந்த அறுபதினாயிரம் எல்லாவற்றுக்கும் காணாது. ஆயினும் கிளினிக்குக்கு வான் பிடிக்கவும், வைத்தியசாலையில் மருந்து முடிந்த மாதத்தில் வெளியில் வாங்கவும் அது உதவும்.

எதற்குச் செலவழிப்பது என்பதைக் குழு தீர்மானிக்கக் கூடாது, பார்க்கிறவரைக் கேட்க வேண்டும். இதில் நம்மவர்களுக்குள் சச்சரவு வந்தது உண்மை. “காசைக் கையில் கொடுத்தால் வேறு வழியில் போய்விடும்” என்றார் ஒருவர். நிவாரணக் காலத்தில் நம்மைப் பற்றி அதிகாரிகள் பேசிய அதே பேச்சு! அப்போது நமக்குச் சுட்டது இப்போது சுடவில்லையா? மெத்தை வேண்டுமென்றால் மெத்தை, வான் வேண்டுமென்றால் வான், தனக்கு ஒரு சோடிச் செருப்பு வேண்டுமென்று அந்தத் தாய் கேட்டால் செருப்பு. வருடக்கணக்காக நின்றுகொண்டே இருக்கும் கால்களல்லவா அவை?

இன்னொரு கேள்வியும் வந்தது. சிறுநீரக நோயாளர் இருக்கிறார்கள், புற்றுநோயாளர் இருக்கிறார்கள், ஏன் மூளை அடிபட்டவருக்கு மாத்திரம்? நியாயமான கேள்வி. மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் மற்ற நோயாளி தானே வந்து தன் துன்பத்தைச் சொல்லக்கூடியவர். இவர்களில் பலர் வரிசையில் நின்று கேட்க முடியாதவர்கள். சிலர் தாங்கள் பாதிக்கப்பட்டிருப்பதையே உணராதவர்கள். கோபக்காரன், குடிகாரன், சோம்பேறி என்று பெயர் வாங்கித் தூரத்தில் வைக்கப்பட்டவர்கள். கேட்காதவர் பக்கம் உண்டியல் தானாகத் திரும்பாது.

அரசாங்கத்தின் கடமையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பாரும் உண்டு. கடமை அரசாங்கத்தினுடையதுதான். தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு வசதி நம் பகுதிக்குக் கிட்ட வேண்டுமென்று கேட்பதை நிறுத்தக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வைத்தியச் சான்றிதழும் கையெழுத்துகளும் எடுக்க அலைகிறவர் யார்? நோயாளியைத் தனியே விட்டுப் போக முடியாதவர்! அந்தப் படிவத்தோடு கிராம சேவகரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போய் வர ஒருவர் முன்வந்தால், அது உண்டியலில் போட்ட காசைவிடப் பெரிது. நம் வாலிபர் சங்கத்தில் மோட்டார் சைக்கிள் உள்ளவர்கள் எத்தனை பேர்?

மோட்டார் சைக்கிள் என்றதும் ஒரு வார்த்தை. கீதப் பவனி முடிந்த இரவில், நனைந்த வீதியில், ஒரு சைக்கிளில் மூன்று பேர், ஒருவர் தலையிலும் கவசமில்லை. அதிலும் நத்தார்த் தாத்தா தொப்பி போட்டிருக்கிறபடியால் கவசம் தலையில் ஏறாது என்று ஒருவர் நமக்குக் காரணம் சொன்னார். நோயாளருக்கு நிதி சேர்க்கப் போன இடத்திலிருந்து இன்னொரு நோயாளியைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டாம். பவனிக்கு வருகிற சைக்கிள்காரர் தலைக்கவசத்தோடு வரட்டும், இல்லாவிட்டால் உழவு இயந்திரப் பெட்டியில் பிள்ளைகளோடு இருந்து பாடட்டும்.

பக்கத்தில் இருக்கப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வலிப்பு வந்தால் இரும்புத் துண்டையும் திறப்புக் கோர்வையையும் கையில் திணிப்பது நம் ஊர் வைத்தியம். அதால் பயனில்லை. வாய்க்குள் கரண்டி வைப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. சுற்றியுள்ள பொருட்களை விலக்கி, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, வலிப்பு ஓய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்த வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலை. அடிபட்ட முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் வருடங்கள் கழித்தும் சிறிது சிறிதாக வருவதுண்டு. “இனி என்ன” என்று கை மடக்கிய வீட்டில் நோயாளியின் கையும் மடங்கியே கிடக்கும்.

கடைசியாக, காசில்லாதவர்களுக்கு. இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்களிலும், இன்னும் சொந்தக் காணியில் கால் வைக்க முடியாமல் அடுத்தவன் நிலத்தில் கூலி செய்கிறவர்களிலும், உண்டியலுக்குப் போட ஒன்றுமில்லாதவர்கள் அநேகர். அவர்களிடம் நாம் இரண்டு மணித்தியாலம் கேட்கிறோம். கூடாரத்தில் இருந்த காலத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையை அடுத்த வீட்டார் பார்த்துக்கொள்ளவில்லையா? ஊர் திரும்பிய முதல் வருடம், இன்று உன் வயலில் நாங்கள், நாளை எங்கள் வயலில் நீ என்று முறை வைத்து வெட்டவில்லையா? அந்த முறையில் ஒரு வீட்டின் கதிரை வெட்டிச் சூடு வைத்துக் கொடுத்தால், அது அந்த வீட்டுக்கு ஒரு வருடச் சோறு.

இந்த மார்கழியில் பொதி கட்டவில்லை. வைத்தியசாலைக்குப் பாடத்தான் போனோம், வெறுங்கையோடு. கூச்சமாகவே இருந்தது. முன்பு நாம் விட்டுவந்த அந்தத் தாயையும் தேடிப் போனோம். மகன் இப்போது வீட்டில். குழாய் எடுத்தாகிவிட்டது, கரண்டியால் கஞ்சி இறங்குகிறது, ஒரு கை தூக்குகிறான். “இவ்வளவு நாளைக்குப் பிறகா வாறீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவருடைய ஒன்றரை ஏக்கரில் வேளாண்மை நிற்கிறது, தை கடைசியில் வெட்டு. வெட்டு முடியும்வரை மகனுக்குப் பக்கத்தில் காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருக்க ஆட்களின் பெயர்களை எழுதி வருகிறோம். ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், சனி நிரம்பிவிட்டது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இன்னும் ஆளில்லை.